கிரீஸ் முனைக்கு ஒரு தொப்பி

வண்டியின் அடியில் கைவிட்ட பொறியாளரின் விரலில் சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்த அந்தக் கணம் இன்றும் என் நினைவில் அப்படியே நிற்கிறது. ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் மேலாளராக இருந்த காலம். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. வண்டிகளைச் சோதிக்கத் தலைமையகத்திலிருந்து வந்திருந்த அந்த இளைஞர் விரலை என் பக்கம் நீட்டி, "என்ன சார் இது, கிரீஸ் ஏத்துற எடத்துல எல்லாம் பொட்டு?" என்றார்.

தோட்டத்துக்கு இரண்டு ஏ.டி.வி. வண்டிகளை வாங்கவைத்தவன் நான். சேற்றிலும் மேட்டிலும் ஏறக்கூடிய அந்த நான்கு சக்கர வண்டிகளில் ஒன்றை மண்டோரம்மாவிடம் ஒப்படைத்தேன். மலைச்சரிவில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு மண்டோர், அதாவது கங்காணி, அவர். அவருடைய முழங்கால்கள் தேய்ந்திருந்தன, வண்டி இல்லையென்றால் சரிவை விட்டு நாற்றங்காலுக்குத்தான் போகவேண்டும். அங்கே நிழல் உண்டு, வேலையும் இலேசு. ஆனால், "நாத்துக்குத் தண்ணி ஊத்தவா சார் நான் மண்டோர் ஆனேன்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்.

வண்டிகளுக்கு வந்த கேடு பார்வைக்கு அற்பமானது. சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் அடியில், கிரீஸ் ஏற்றுவதற்கென்று சிறு முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். வெட்டிப்போட்ட மட்டைகளும் அடிக்கட்டைகளும் அவற்றை ஒவ்வொன்றாக முறித்தன. முனை முறிந்தால் சேறு உள்ளே போகும், மூட்டு தேயும், சக்கரம் ஆடும். பழுது தொடரவே, வண்டிகளைத் திரும்பப் பெறுவது குறித்துத் தலைமையகம் பேசத் தொடங்கியது. என் சொல்லை நம்பி வாங்கியவை அவை. ஆகவே பட்டறையில் நானே நின்று, முனைகள் பின்பக்கம் பார்க்கும்படி மாற்றியமைக்கச் செய்தேன். ஒவ்வொன்றைச் சுற்றியும் அதைவிடச் சற்றே உயரமான இரும்பு வளையம் பற்றவைக்கப்பட்டது. இனிக் கட்டை மோதினால் வளையத்தில் மோதட்டும். சேறு அண்டாதிருக்க, முனைகளுக்கு ரப்பர்த் தொப்பிகளும் மாட்டச் சொன்னேன்.

மண்டோரம்மாவுக்கு அந்தத் தொப்பிகள்தாம் வேடிக்கை. "அலமாக், பச்சப்புள்ளைக்குச் சளி புடிக்கும்னு தொப்பி போடுறாரு பாருங்கடி நம்ம சாரு!" என்று பெண்களிடம் சொல்லிச் சிரித்தார். சில நாள்களில் தோட்டம் முழுவதும் நான் 'தொப்பி சார்' ஆனேன். பதவிக்குரிய மரியாதையைப் பெரிதாக மதித்த எனக்கு அது உவப்பாக இல்லை.

அப்படிச் சிரித்தவர்தான் பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தார் என்பது, பொறியாளரின் விரலைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது. தொப்பிகளைக் கழற்றிவிட்டு முனைகளிலேயே வைத்துவிட்டார் என்று நினைத்தேன். சந்தனம் காய்ந்து இறுகினால் முனையின் துளை அடைபடும். அதற்குமேல் கிரீஸை அழுத்தினால் தூள் மூட்டுக்குள் சென்று தேய்க்கும். வண்டிகள் அன்றே லாரியில் ஏறிவிடும் என்று எண்ணினேன்.

மண்டோரம்மா இடுப்பில் கைவைத்தபடி முன்னால் வந்தார். "ஐயோ தம்பி, முனைக்கு நெத்தியிலயா வெப்பேன்? தொப்பி மேலதான் வெச்சிருக்கேன். கழட்டிப் பாருங்க லா!"

பொறியாளர் ஒரு தொப்பியைப் பிடுங்கினார். உள்ளே முனை கழுவி வைத்ததுபோல் பளிச்சென்றிருந்தது. கிரீஸ் துப்பாக்கியைப் பொருத்தி அழுத்தினார். மூட்டின் ஓரத்தில் பழைய கறுப்புப் பசை பிதுங்கி, பின்னாலேயே புதியது வந்தது. மற்ற முனைகளையும் பார்த்தார். வளையங்களில்தான் வடுக்கள் இருந்தன. "ஒண்ணுகூட ஒடையல. வண்டி இங்கயே இருக்கட்டும் சார்," என்றார்.

ஜொகூர் பாருவில் பேருந்துப் படி ஏறுகையில் இப்போது என் முழங்கால்களும் முனகுகின்றன. அதனால்தானோ என்னவோ, அதற்கடுத்துக் கண்டது முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. மண்டோரம்மா யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வண்டியைக் கிளப்பினார். நடந்து போன நாள்களில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் அந்த வளைவை, வண்டி வேகம் குறையாமல் கடந்து மேலே ஏறியது.