நான்காம் நாள் முளைத்தவை

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் தட்டக்கா. ஈஸ்ட் வளர்க்கும் தட்டுகளில் பதினெட்டு வருடமாகக் கூழ் ஊற்றுகிறவருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? அந்தப் பேரில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் ஆய்வுக்கூடத் தலைவர் மேல்தான். வருத்தம் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது, வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவர்கள் வளர்த்த ஈஸ்டுக்கு ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. அந்தச் சத்தைச் செய்யும் மரபணுவையும், மருந்தைச் செய்யும் மரபணுவையும் ஒரே டிஎன்ஏ வளையத்தில் கோத்து உள்ளே அனுப்புவார்கள். பிளாஸ்மிட் என்று அதற்குப் பேர். சத்தில்லாத தட்டில் பரப்பினால் வளையம் உள்ள செல் பிழைக்கும், இல்லாதது சாகும். இரண்டாம் நாள் முளைத்ததை எடுத்துக்கொண்டு தட்டைக் குப்பையில் போடுவது அங்கே வழக்கம்.

ஒருமுறை இரண்டாம் நாள் ஒன்றுமே முளைக்கவில்லை. தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் போனார் தலைவர். தான் ஊற்றிய தட்டைச் சும்மா எறிய தட்டக்காவுக்கு மனம் வராது. வைத்திருந்தார். நான்காம் நாள் கடுகளவு புள்ளிகள் தெரிந்தன. வளர்த்துப் பார்த்தால் மருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது.

ஏன் என்று வாரக்கணக்கில் அவரே தோண்டினார். சத்தைச் செய்து பிழைக்க வைக்கும் மரபணுவின் முன்பகுதி அறுந்து, அது சோம்பேறியாகியிருந்தது. சோம்பேறியை வேலைக்கு வைத்தால் ஒருவன் வேலைக்கு நூறு பேர் வேண்டும். நூறு வளையம் சேர்த்த செல்தான் உயிரோடிருந்தது. வளையம் நூறென்றால் மருந்து மரபணுவும் நூறு. அத்தனையையும் நோட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தார்.

ஆறு மாதத்தில் அது பத்திரிகையில் வந்தது. தலைவர் பேர் மட்டும் இருந்தது. கேட்கப் போனவரிடம் எல்லோர் முன்னாலும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தட்டு ஊத்துற கைக்குப் பேர் எதுக்கும்மா?”

பொறுத்தார் பூமியாள்வார் என்று வீட்டில் அவருடைய அக்கா சமாதானம் சொன்னாள்.

“எனக்குப் பூமி வேணாம்க்கா. என் பேர் வேணும்.”

இரண்டு வருடம் காத்திருந்தார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. இந்த ஈஸ்ட் நத்தை மாதிரி வளர்வது தலைவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அறுந்த மரபணுவை எடுத்துவிட்டு முழு மரபணுவை வைக்கச் சொன்னார்; பழையதை எல்லாம் கொட்டிவிடவும் சொன்னார். நோட்டைப் படித்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? பேரைத்தான் மாற்றினார், படிக்கவில்லை.

எச்சரிக்க வாயெடுத்த தட்டக்கா மூடிக்கொண்டார். சொன்னதை எழுதிக் கொடுக்கும்படி மட்டும் கேட்டார். கையெழுத்தோடு வந்தது. எழுத்துப் பிசகாமல் செய்தார். பழைய ஈஸ்ட் இருந்த ஒரே ஒரு குப்பியை மட்டும் உறைபெட்டியின் அடியில் ஒளித்தார்.

புது ஈஸ்ட் இரண்டே நாளில் குடுவை நிறையப் பொங்கியது. தலைவர் முகத்தில் ஆயிரம் வாட் வெளிச்சம். சோதித்தபோது மருந்து பேருக்குத்தான் இருந்தது. மரபணு திடமாக இருந்ததால் செல்லுக்கு ஏழெட்டு வளையமே போதுமாகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் மறுநாள் காலையில் வருகிறார்கள்.

தலைவர் முதன்முறையாகத் தட்டக்காவின் மேசைக்கு வந்து, அவருடைய முக்காலியில் உட்கார்ந்தார். பழையது ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டார்.

“இருக்கு. முதல்ல பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுங்க. கண்டுபிடிச்சது நான்னு.”

அங்கேயே எழுதினார். அனுப்பினார். கிடைத்ததென்று பதிலும் வந்தது. தட்டக்கா தன் பேரை இரண்டு தரம் படித்தார். இத்தனை நாள் எரிந்த வயிறு குளிர்ந்தது. குப்பியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“நாளைக்குள்ள வளந்துடுமில்ல?”

“நாலு நாள் ஆகும் சார். ரெண்டாம் நாளே தூக்கிப் போட்டுடாதீங்க.”