கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

அமராவதி மலேசியாவின் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில், அடித்த செய்தியைக் கம்பிவழி வெளியூருக்கு அனுப்பும் டெலக்ஸ் இயந்திரத்தில் வேலை செய்பவள். கோலசிலாங்கூர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள் லண்டனோடு விரலால் பேசினாள் என்றால் சும்மாவா? அந்த இயந்திரத்துக்கென்று தனி வழக்கம் உண்டு. சொல்ல வேண்டியதை அடித்து முடித்ததும், கூட்டல் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துப் போட வேண்டும். ‘நான் முடித்துவிட்டேன், இனி நீ சொல்’ என்று அர்த்தம். ஒன்பது வருடப் பழக்கத்தில், மளிகைச் சீட்டிலும் அவள் கை அதைத்தான் போடும்.

1984இல், அவளுடைய முப்பத்தோராவது வயதில், சுங்கை புரோங் நெல் ஆலையில் வேலை செய்யும் கார்த்திகேசு பெண் பார்க்க வந்தார். மனிதருக்குத் திக்குவாய். அவர் “கா...” என்று தொடங்கினாலே, கூட வந்த அக்காள் வேலம்மா “காப்பி நல்லாருக்குங்கிறான்” என்று முடித்துவைப்பாள். அமராவதிக்கு அந்த அம்மாள்மேல் எரிச்சலான எரிச்சல். அவர்மேல், வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆசை.

மறுவாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ‘என் பேச்சு இப்படித்தான். என்னைக் கட்டிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?’

அன்றே பதில் எழுதிப் போட்டாள். ஒரே வரிதான்: ‘எனக்கு முழுச் சம்மதம் +?’

ஒரு மாதமாகியும் பதிலைக் காணோம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் வேலம்மா ஆபீசுக்கே போன் போட்டுப் பொரிந்து தள்ளினாள்.

“சம்மதம்னு எழுதி, சிலுவை மாரி ஒன்னு, கேள்விக்குறி ஒன்னு! என்னா நக்கலா? புடிக்கலன்னா நேரா சொல்லு லா! தம்பி மொகத்த பாக்க முடியல.”

அமராவதி வாயைத் திறப்பதற்குள் வேலம்மா போனை வைத்துவிட்டாள்.

ஐயோ, பாழாய்ப்போன கையே! அமராவதி அரைநாள் லீவு போட்டு, பஸ் மாறி மாறி ஆலை வாசலில் போய் நின்றாள். உமித்தூசியோடு கார்த்திகேசு வெளியே வந்தார்.

“அது சந்தேகம் இல்லீங்க. நான் சொல்லி முடிச்சிட்டேன், இனி நீங்க பேசுங்கன்னு எங்க மிஷின்ல அப்படித்தான் போடுவோம். எனக்குச் சம்மதங்க. இப்ப நீங்க சொல்லுங்க.”

“எ... எ... என...”

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வழியில் நின்றவர்களைப் பார்த்து லோரிக்காரன் ஹாரன் அடித்தான். அடுத்த சொல் அமராவதியின் நாக்கு நுனியில் இருந்தது. அவள் சொல்லவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்து நின்றாள்.

“எனக்கும்... ச... ச... சம்... மதம்.”

அவர் தொடங்கிய பேச்சை அவரே முடிக்கட்டும் என்று அதுவரை ஒருவரும் காத்திருந்ததில்லை. கார்த்திகேசு அங்கிருந்த நெல்மூட்டைமேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.