மேல்வீட்டில் அரைத்த சோறு

1986ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் மனோரஞ்சிதமும் அவளுடைய கணவன் சாமித்தம்பியும் நாடுவிட்டு வந்து அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்றில் குடியிருந்தார்கள். குடியிருந்தார்கள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் பக்டரியில் பகல் முழுவதும் விரிப்பு மடித்தாள். அவனுக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவுக் காவல். அவள் பஸ்ஸால் இறங்கி வரும்போது அவன் சீருடையோடு சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பான். "கறி கிடக்கு புள்ள, சூடாக்கித் தின்" என்பான். அவள் தலையை ஆட்டுவாள். கதவு சாத்துப்படும். அன்றைய குடும்பம் அதோடு முடிந்துவிடும்.

மட்டக்களப்பில் கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்தவள். நின்று பழகிய கால்கள்தான். ஆனாலும் பக்டரியின் நீராவிக்குள் நின்றுவிட்டு வெளியே உறைபனியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் உடம்பில் ஏதோ கழன்றுபோனது போலிருக்கும். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, எழும்ப வேண்டும் என்று நினைத்தபடியே தூங்கிப்போவாள்.

மேலே வீட்டுக்காரர்கள். பாலேஸ்வரியும் அவருடைய கணவர் சண்முகநாதனும் யாழ்ப்பாணத்திலிருந்து எழுபதுகளிலேயே வந்துவிட்டவர்கள். ஒரே மகன் வோட்டர்லூவில் பல்கலைக்கழகத்தில் படித்தான். வீடு பார்க்க வந்த அன்று பாலேஸ்வரி தன் குசினியை முழுக்கச் சுற்றிக் காட்டினார். அங்கே சிங்க்கின் துவாரத்துக்குக் கீழே ஓர் அரைக்கும் மெசின் பொருத்தியிருந்தது. காபரேற்றர் என்று அதற்குப் பெயர். சுவரில் சுவிச்சைப் போட்டால் கோப்பையில் மிஞ்சியதை அரைத்துத் தண்ணீரோடு குழாய்க்குள் அனுப்பிவிடும்.

"எனக்குக் குப்பைப் பையே தேவையில்லை. எல்லாம் உதுக்குள்ள போயிடும்" என்றார் பாலேஸ்வரி. "கீழ உங்களுக்கு உது இல்லை. நீர் சிங்க்கைப் பாத்துப் பாவியும்."

டிசம்பரில் ஒரு நாள் மனோரஞ்சிதம் வேலையால் வந்தபோது பேஸ்மென்றுச் சிங்க்கில் பாதிக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது. அதில் சோற்றுப் பருக்கைகளும் கறிவேப்பிலைத் துணுக்குகளும் மிதந்தன. சாமித்தம்பிதான் கோப்பையைக் கழுவாமல் கவிழ்த்துவிட்டான் என்று நினைத்து ஏசினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நாம ரெண்டு நாளா பாணும் முட்டையும்தான் தின்னுறம். இதுக்குள்ள முருங்கக்காய்க் குழம்பு கிடக்கு."

உண்மைதான். வறுத்த தூளின் வாசம் மூக்கில் அடித்தது. மேல் சிங்க்கும் கீழ்ச் சிங்க்கும் ஒரே குழாயில்தான் சேர்ந்தன. அதற்குக் கீழே எங்கோ அடைத்திருந்ததால், மேலே அரைத்து அனுப்பியது போக வழியில்லாமல் அவர்களுடைய சிங்க்கில் எழும்பி நின்றது. அவன் மேலே போய்ச் சொல்லப் புறப்பட்டான். அவள் அவனுடைய கையைப் பிடித்தாள்.

"பேசாம இரிங்க. இந்தக் குளிருக்குள்ள எங்க போய் வீடு தேடுற?"

அடைப்பு நீக்கும் ரப்பர் கிண்ணத்தை வைத்து அவளே அமுக்கி அமுக்கித் தண்ணீரை இறக்கினாள். அடுத்த கிழமை திரும்பவும் நின்றது. திரும்பவும் இறக்கினாள். பக்டரியில் அன்றைக்கு மடித்த கடைசி விரிப்பு போல அதுவும் ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டது.

அவளுக்கு ஞாயிறும் திங்களும் லீவு. கொஞ்சக் காலத்தில் மேல்வீட்டின் போக்கு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே பாலேஸ்வரி சமைப்பார். உடுப்புத் தோய்க்க இறங்கி வரும்போது, "இண்டைக்குத் தம்பி வாறான்" என்று சொல்லுவார். பின்னேரம் ரெலிபோன் அடிக்கும். வாசலில் புதிதாக யாருடைய காலடியும் கேட்காது. திங்கள் காலை சண்முகநாதனின் கார் போன பிறகு மெசின் உறுமத் தொடங்கும். சண்முகநாதனுக்கு முந்திய வருடம் மாரடைப்பு வந்திருந்தது. அவித்த மரக்கறியும் பாணும் தவிர அவர் வேறொன்றும் தொடுவதில்லை. ஆகவே மகனுக்குச் சமைத்தது முழுவதும் அந்த மெசினுக்குத்தான்.

இதைத் தெரிந்துகொண்டதால் மனோரஞ்சிதத்துக்கு இரக்கம் ஒன்றும் வந்துவிடவில்லை. அந்தக் குழம்பில் ஒரு கிண்ணம் கீழே தந்தால் என்ன என்றுதான் நினைத்தாள். பிறகு சிங்க்கைக் கழுவிவிட்டுப் படுத்தாள்.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, ரப்பர் கிண்ணத்துக்கு எதுவும் மசியவில்லை. தண்ணீர் சிங்க்கை நிறைத்து நிலத்தில் வழிந்து கட்டில் காலடிவரை வந்துவிட்டது. சாமித்தம்பி காலையிலேயே ஓர் அலுவலாக வெளியே போயிருந்தான். அவள் ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். காலையில் டொக்டரிடம் போன சண்முகநாதன் அன்று வேலைக்குப் போகாமல் வீடு திரும்பியிருந்தார். அவர்தான் பிளம்பருக்குப் போன் எடுத்தார். படி இறங்கி ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தபடியால் அவர் மேலேயே இருந்துகொண்டார். பாலேஸ்வரி பிளம்பரோடு கீழே வந்தார்.

பிளம்பர் கட்டையான, அதிகம் பேசாத போர்த்துக்கீசர். சிங்க்கின் கீழ்க் குழாயைக் கழற்றி நீளமான கம்பிச் சுருளை உள்ளே விட்டுச் சுழற்றினார். வெகுநேரத்துக்குப் பிறகு கம்பியின் நுனியில் கயிறு மாதிரி ஒன்று வந்தது. முருங்கைக்காய்ச் சக்கையின் நார்கள் முறுகித் திரண்டு, நடுவில் சோறும் பிட்டும் களியாகி, வெள்ளைக் கொழுப்பு மெழுகுபோல மூடியிருந்தது. அதை வாளிக்குள் போட்டார். இன்னும் வந்தது. கோழி எலும்பும் வந்தது.

நிமிர்ந்து இருவரையும் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். காபரேற்றர் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதற்குள் போடக்கூடாது. சோறும் மாப் பண்டங்களும் குழாய்க்குள் ஊறிப் பருக்கும். நாருள்ளது எதுவும் அரைபடாமல் சுற்றிக்கொள்ளும். எண்ணெய் போகும்போது தண்ணீராகப் போய்க் குளிரில் கட்டியாகிவிடும். எலும்பை அதன் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

"என்னவாம்?" மேலேயிருந்து சண்முகநாதன் கேட்டார்.

பாலேஸ்வரி படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கீழ சிங்க்குக்குள்ள சோறும் சக்கையும் போட்டிருக்கினமாம்!"

பிறகு மனோரஞ்சிதத்தின் பக்கம் திரும்பி, பிளம்பர் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தமிழில் அவளுக்குச் சொன்னார். சோறு போடாதையும். நார்ச் சக்கை போடாதையும். எண்ணெய் ஊத்தாதையும். காபரேற்றர் என்ற சொல் மட்டும் அதில் வரவில்லை. மனோரஞ்சிதத்துக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, பக்டரியில் இரண்டு வருடம் கேட்ட காது. பிளம்பர் அந்தச் சொல்லைச் சொன்னது அவளுக்கு விளங்கியிருந்தது.

பாலேஸ்வரி பேசிக்கொண்டே போனார். அவருடைய கண்கள் மட்டும் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தன.

"அவவிட்டைக் கேளும், ஏன் போட்டவையாம்?" என்றார் மேலேயிருந்தவர்.

மனோரஞ்சிதம் நனைந்த காலுறைகளோடு நின்றாள். "பிழைதான் அண்ணை, இனிப் பாத்துப் போடுறம்" என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

அன்று பின்னேரம் பிந்தி வந்து உடனேயே வேலைக்குப் புறப்பட்ட சாமித்தம்பியைச் சண்முகநாதன் வாசலில் மறித்தார். ஏப்ரலோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவன் ஒன்றும் விளங்காமலே வேலைக்குப் போய், மறுநாள் காலை அவள் புறப்படுகிற நேரத்தில் கொதித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அவள் கோட்டுக்குப் பொத்தான் பூட்டியபடி நடந்ததைச் சொன்னாள்.

"செய்யாத குத்தத்தை ஏன் ஏத்துக்கிட்ட நீ?"

"நிண்டு கதைக்க ஏலாம இருந்திச்சு."

"இது ஒரு பதிலா புள்ள?"

"வேற பதில் இல்ல. பஸ் வரப்போகுது."

அந்தக் கிழமை முழுவதும் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவதற்குக் கிடைத்த நேரமும் அதிகமில்லை.

அடுத்த திங்கட்கிழமை மேலே மெசின் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பேஸ்மென்றுக் கதவு தட்டப்பட்டது. பாலேஸ்வரி. அதுவரை அவர் கதவைத் தட்டாமலேதான் உள்ளே வருவார். சாமித்தம்பி கடைக்குப் போயிருந்த நேரம். வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"ஏன் நீர் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை?"

"தெரியாதக்கா. களைப்பு."

பாலேஸ்வரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிரிஜ்ஜைத் திறந்தால் தம்பிக்குச் சமைச்சது அப்பிடியே கிடக்கும். அதைக் கண்டால் இவர் ஒண்டும் பேசாமல் போய்ப் படுத்திடுவார். ரெண்டு நாளைக்கு எழும்பமாட்டார். நெஞ்சு வருத்தக்காரன். அதுதான் அவர் வரமுதல் ஒண்டும் இல்லாமல் ஆக்கிப்போடுவன்."

"கொஞ்சமாச் சமைக்கலாமே அக்கா."

"ஒருநாள் வந்திட்டானெண்டால்?"

மனோரஞ்சிதம் கட்டிலின் மற்ற ஓரத்தில் இருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "நான் பழி ஏத்தது போகட்டும் அக்கா. அண்ணை எங்கள எழும்பச் சொல்லுறார். அத நீங்கதான் சொல்லித் தீர்க்கணும்."

"சொல்லுறன்" என்றார் பாலேஸ்வரி. எழும்பிப் போகக் கன நேரம் எடுத்தது.

அன்று பின்னேரம் மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. சண்டை மாதிரி இல்லை. மறுநாள் சண்முகநாதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் படி இறங்கி வந்து நின்றார்.

"பிள்ளை, அந்த ஏப்ரல் கதையை விடுங்கோ" என்றார். மூச்சு வாங்கியபடி திரும்பி ஏறினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மூடிய சட்டியில் கீழே வரத் தொடங்கியது. சாமித்தம்பிக்குக் கோபம் போய்க் கன்னத்தில் கொஞ்சம் சதையும் வைத்தது. மனோரஞ்சிதத்துக்கு அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. சட்டியைக் கழுவ வேண்டும், மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கறி நல்லாயிருந்தது என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு நின்று பாலேஸ்வரியின் கதையைக் கேட்க வேண்டும். நல்ல மனுசிதான். ஆனால் நன்றியோடு நிற்பதற்கும் காலில் பலம் வேண்டியிருந்தது. 1987 கோடையில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அப்பார்ட்மென்ற் கிடைத்ததும் மாறிவிட்டார்கள். சப்வே ரயில் கிட்ட, வேலைக்குப் போக லேசு என்று மேலே சொன்னார்கள். அது பொய்யுமில்லை. போகிற அன்று பாலேஸ்வரி வாசல்வரை வந்து, ரெலிபோன் நம்பரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நினைத்தபோதெல்லாம் எடுப்பார். ஒரு ஞாயிறு மத்தியானமும் எடுத்தார்.

"நேற்று ஒரு சுண்டு அரிசிதான் போட்டனான். அதுவும் மிஞ்சிப்போச்சு. தம்பி சோதினை முடிய வாறானெண்டு சொல்லியிருக்கிறான். நீர் கேக்கிறீரே?"

"ஓம் அக்கா" என்றாள் மனோரஞ்சிதம். இன்னும் இரண்டு ஓம் சொன்னாள். பிறகு சத்தமில்லை. சாமித்தம்பி வந்து பார்த்தபோது அவள் கதிரையில் சாய்ந்து நித்திரையாகியிருந்தாள். ரிசீவர் கன்னத்துக்கும் தோளுக்கும் இடையில் கிடந்தது. அவன் அதை மெல்ல உருவி எடுத்தான்.

"அவ நித்திரையாப் போயித்தா அக்கா."

"எழுப்பாதையும், படுக்கட்டும்" என்றார் பாலேஸ்வரி. ரெலிபோனை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று சாமித்தம்பியிடம் கேட்கத் தொடங்கினார்.