கன்னிமார் கல்லுக்கு வைத்த சோளப்பூ

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துதான். ஞாபகமும் சரியில்லை. முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மக்காச்சோளத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதிலே எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. சாயங்காலம் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய், கோயில் தெரு முனையில் கரி அடுப்பு வைத்துச் சோளக்கதிர் சுட்டு விற்கிறேன். கூவி விற்க எனக்கு வெட்கம். அடுப்பை விசிறிவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். வாசனைக்கு வருகிறவர்கள் வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் நானே போடுகிற நாட்டு மக்காச்சோளம் அது. மணி வெள்ளை வெளேர் என்று இருக்கும், கடித்தால் பால் வரும். நல்ல கதிராகப் பார்த்து நாலைந்தை எடுத்து வைத்து அடுத்த தடவை அதையே விதைப்பேன். விதைக்கென்று ஒரு காசு செலவு கிடையாது.

பக்கத்து வீடு என் ஓரகத்தி வீடு. கொழுந்தனாரின் மனைவி. நானும் அவளும் விதவைகள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம், அந்த மரம் யாருடையது என்று இன்றுவரை முடிவாகவில்லை. நான் பேசாததை எல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். என் துண்டு நிலத்தை ஒட்டி ஒரு வண்டிப்பாதை, அதைத் தாண்டினால் அவளுடைய கழனி. நெல் கட்டுப்படியாகவில்லை என்று சில வருஷமாகக் கோழித் தீவனத்துக்குப் போகும் மஞ்சள் மக்காச்சோளம் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பாக்கெட் விதை வாங்க வேண்டும். அறுத்ததில் எடுத்து வைத்துப் போட்டால் ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக முளைக்கும். அப்புறம் உரம், குருத்தைத் தின்னும் புழுவுக்கு மருந்து, ஆள் கூலி. எல்லாம் முடிந்து மூட்டை கட்டும்போது வியாபாரி வந்து, இந்த வாரம் விலை இறங்கிவிட்டது என்பான். வாங்கும்போதும் விலை சொல்கிறவன் வேறு ஆள், விற்கும்போதும் விலை சொல்கிறவன் வேறு ஆள். நடுவில் இவள்.

அவள் பையன் ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான்: "யம்மா, இந்த ஒரு வெள்ளாமை பாரு. இதுலயும் கை கடிச்சுதுன்னா பிளாட் போடுறவங்களுக்குக் குடுத்துடலாம். அவங்க கேட்டுக்கினேதான் இருக்காங்க." பாதையின் அந்தக் கோடியில் ஏற்கெனவே மனை பிரித்து மஞ்சள் கல் நட்டுவிட்டார்கள். ஆகவே அந்த வெள்ளாமை தேறினால் கழனி, தேறாவிட்டால் கல். அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் விதைக் கம்பெனி ஆள் ஒருவன் பைக்கில் வந்தான். தீவனச் சோளம் வேண்டாம், விதைச் சோளம் போடுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம், தீவன விலையைப்போல் பல மடங்கு தருகிறோம் என்றான். ஒரு சால், அதாவது ஒரு வரிசை, ஆண் செடி, பக்கத்தில் சில சால் பெண் செடி. பெண் செடியில் உச்சிப்பூ, அதுதான் ஆண் பூ, வெளியே வந்ததும் அதைப் பிடுங்கிவிட வேண்டும். ஆண் சாலின் மகரந்தம் மட்டும் அதன் கதிரில் விழ வேண்டும். அப்போது விளைகிற மணிதான் பாக்கெட்டில் போகிற விதை. இத்தனை வருஷம் பாக்கெட் வாங்கியவள் இப்போது பாக்கெட்டுக்குள் போவதை விளைவிக்கப் போகிறாள். ஓரகத்திக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அதற்கப்புறம் அவள் நடத்தை மாறிப்போனது. ஒரு நாள் சூடாக வடை கொண்டுவந்தாள்.

"இன்னாமா விசேஷம்?" என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. எண்ணெ மீந்துச்சு."

மறுநாள் கீரைக் குழம்பு. அதற்கு மறுநாள் என் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தாள். முருங்கைக்காயைப் பறித்து, "உன்னுதுதான்கா, எடுத்துக்கோ" என்று கொடுத்தபோது எனக்குப் பயமே வந்துவிட்டது. ஏதாவது வியாதியோ என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உன் சோளம் இருக்கக்கூடாதாம்கா. சுத்துவட்டாரத்துல வேற மக்காச்சோளமே கூடாதாம். உன் பூவோட தூள் காத்துல வந்து என் கதிருல வுழுந்துட்டா கம்பெனிக்காரன் எடுக்கமாட்டானாம். உன் பொழப்புல மண்ணு போடச் சொல்லி நான் எந்த வாயால கேக்குறது?"

அன்று மாலை கம்பெனித் தம்பியும் வந்தான். என் செடிகளைப் பார்த்தான். அறுக்கச் சொல்வான் என்றுதான் நினைத்தேன். அவனுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

"ஆயா, இதுலயும் ஆண் பூவ எடுத்துடுங்க. ஒண்ணு வுடாம. பூ விரியறதுக்கு முன்னாடி. நான் செக் பண்ண வருவேன். ஒரு பூ விரிஞ்சிருந்தாலும் இவங்க ஃபீல்டு ரிஜெக்ட் ஆயிடும்."

எனக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. ஓரகத்தியை இடித்துக் கேட்கச் சொன்னேன். அவள் சத்தமாகவே கேட்டாள்: "டிவியில சொல்றாங்களே, மரபணு மாத்துன சோளம், அதுவா தம்பி இது?"

அவன் சிரித்தான். "அது இல்லமா. அந்தச் சோளம் வெளிநாட்டுல போடுறாங்க. நம்ம நாட்டுல விதைக்க அனுமதி இல்ல. இது வெறும் கலப்பு. ரெண்டு ஜாதிய சேக்கறோம், அவ்ளோதான்."

"அதப் போடுறவங்களுக்காவது நல்ல லாபம் நிக்குதா?"

"புழுவுக்கு மருந்து செலவு கொறையும்னு சொல்றாங்க. ஆனா விதை வெல ஜாஸ்தி, வருஷா வருஷம் வாங்கணும். நிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுமா, நான் சம்பளக்காரன்."

அப்படி உண்மையைச் சொன்னதால் அவனை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்து வந்த காலைகள் வேடிக்கையானவை. வெயில் ஏறுவதற்குள் பெண்கள் எல்லோரும் கழனியில் இறங்கிப் பூப் பிடுங்குவோம். குருத்தை விலக்கி, பூவின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு. கீச்சென்று ஒரு சத்தம் வரும். ஓரகத்தி ஒவ்வொன்றையும் இழுக்கும்போது ஏதாவது சொல்லுவாள்.

"எங்க வூட்டு மனுசன் இருந்தப்ப, இப்டி ஒரு நாளு குடுமியப் புடிச்சி இழுத்திருந்தா உருப்பட்டிருப்பாரு."

நான் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வேன். கழனி முடிந்ததும் என் துண்டு நிலத்துக்கு வருவோம். என் செடிகளுக்கும் மொட்டை. பிடுங்கிய பூவெல்லாம் மாட்டுக்கு.

எல்லாம் மாட்டுக்குப் போகவில்லை என்பதுதான் விஷயம். எங்கள் பக்கம் எந்த வெள்ளாமையானாலும் முதலில் வந்ததைக் கழனி மூலையில் இருக்கும் கன்னிமார் கல்லுக்கு வைப்பது வழக்கம். நெல்லானால் முதல் கதிர், கடலையானால் முதல் செடி. சோளத்தில் முதலில் வருவது பூ. என் நிலத்தில் பிடுங்கிய பூவில் நன்றாக நீண்டு குஞ்சம்போல் இருந்ததைப் பார்த்து ஒரு கட்டு கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஓரகத்தி அந்தக் கல்லுக்குச் சாத்திவிட்டாள். வெள்ளாமை தேற வேண்டும் தாயே என்று விழுந்து கும்பிட்டும் வந்தாள். அந்தக் கல் இருப்பதோ அவளுடைய பெண் சாலுக்கு ஒட்டினாற்போல.

கம்பெனித் தம்பி சோதனைக்கு வந்தான். என் நிலத்தில் ஒரு பூ இல்லை. நல்லது என்றான். கழனியைச் சுற்றி வந்தவன் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னாமா இது! பறிச்சு வெச்சாலும் பூ விரியும்மா! தூள் கொட்டும்மா!"

பூக்கட்டைத் தட்டிப் பார்த்தான். உள்ளங்கையில் மஞ்சள் தூள் விழுந்தது. ஓரகத்தி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சாமிக்கு வெச்சேன் தம்பி. தேறணும்னுதான் வெச்சேன்."

"தெரியுதுமா. நான் மறைக்க முடியாது. மணி முத்துனப்புறம் ஒரிச்சிப் பாப்போம். வெள்ளச் சோளத்தோட தூள் வுழுந்த மணி வெளுத்துக் காட்டும். எவ்ளோ தூரம் போயிருக்குதுன்னு அப்பதான் தெரியும்."

சாமிக்கு வைத்ததை எடுக்க அவன் தயங்கினான். நானே போய்க் கும்பிட்டு, எடுத்து மடியில் சுருட்டிக்கொண்டு வந்தேன். பதிலுக்கு இரண்டு வாழைப்பழம் வைத்தோம்.

விதை முற்றுவதற்கு முன்பே என் கதிர் சுடும் பதத்துக்கு வந்துவிட்டது. உரித்துப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்தப் பூ இல்லாததால் பாதையைத் தாண்டி வந்த கம்பெனித் தூள்தான் அதில் விழுந்திருக்கிறது. வெள்ளை மணி எல்லாம் எலுமிச்சை நிறம். மணியும் முழுக்கப் பிடிக்கவில்லை, அங்கங்கே வெறும் பள்ளம். இதை யார் வாங்குவார்கள் என்று நான் கூடையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரகத்தி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புக்கா. நானும் வர்றேன். வூட்ல ஒக்காந்தா அந்தக் கதிர நெனச்சிக்கினே செத்துடுவேன்."

கோயில் தெரு முனையில் அவள் குரலைக் கேட்டு மாடவீதியே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகிப்போனது. ஆனால் கூட்டம் வந்தது. தினமும் வாங்குகிற நெசவுக்காரப் பெண் ஒருத்தி கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, கலர் மாறிக்கீது? டிவியில சொன்ன மாத்துன சோளமா?"

"மாத்தல கண்ணு, கலந்துடுச்சி" என்றேன் மெதுவாக.

"பட்டுலதான் கலப்படம்னு பாத்தா சோளத்துலயுமா! எங்க பொடவைக்கு அசல் பட்டுன்னு முத்திர குத்தறாங்கல்ல, உனக்கும் ஒண்ணு குத்தணும்."

"பல்லு வேற இல்லியே இதுக்கு" என்றான் பக்கத்தில் நின்றவன்.

ஓரகத்தி விடுவாளா? "எங்கக்காவுக்கும்தான் பல்லு இல்ல. ருசியா சுடலியா? தின்னுட்டுப் பேசுப்பா!"

கூடை காலியானது. அவள் குரல் கம்மிப்போய் மூன்று நாள் சைகையில் பேசினாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

விதைக்கதிர் முற்றியதும் கம்பெனித் தம்பியும், அவனுக்கு மேலே இருக்கும் அதிகாரி ஒருவரும் வந்தார்கள். ஓரகத்தியின் பையன் லீவு போட்டுவிட்டு வந்து கைகட்டி நின்றான். கல்லுக்குப் பக்கத்துச் சாலில் ஆரம்பித்து ஒவ்வொரு கதிராக உரித்தார்கள். முதல் கதிரில் ஆரஞ்சு மணிகளுக்கு நடுவே வெளுத்த மணி. ஓரகத்தி என் கையை நெரித்தாள். அடுத்ததிலும் இருந்தது. இன்னும் சில செடி தாண்டிக் குறைந்தது. அப்புறம் அடுத்த பெண் சால், அதற்கும் அடுத்தது. மணி ஒரே நிறமாக வந்தது. கழனியின் நடுவில், அந்தக் கோடியில், எங்கே உரித்தாலும் ஒரே நிறம். அதிகாரி நோட்டில் குறித்துக்கொண்டார். கல்லைச் சுற்றிச் சில செடிகளில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்.

"இதுக்குள்ள இருக்கறது தீவனத்துக்கு. மிச்சமெல்லாம் எடுத்துக்கறோம்" என்றார்.

ஓரகத்தி என் கையை விட்டாள். பையனைப் பார்த்தாள்.

"இன்னாடா?"

அவன் கட்டியிருந்த கையைப் பிரித்தான். "சரிமா. பிளாட்காரங்களுக்கு இப்ப இல்லன்னு சொல்லிடறேன்" என்றான். அப்புறம், "அடுத்த வாட்டி சாமிக்கு வெறும் கற்பூரம் காட்டு" என்றான். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

போன தடவை எடுத்து வைத்ததில் விதைத்ததுபோக மீந்த என் வெள்ளைக் கதிர்கள் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு பேரும் முன்பின்னாக விதைத்தால் பூக்கும் நாள் வேறு வேறாக விழும், மொட்டை அடிக்க வேண்டியதில்லை என்று அந்தத் தம்பி சொல்லிவிட்டுப் போனான். யார் முதலில் விதைப்பது என்று இப்போது தகராறு நடக்கிறது. பெரியவள் நான் என்கிறேன். நிலம் பெரியது என்னுது என்கிறாள்.

மகரந்தம் எத்தனை தூரம் போகும், பறித்த பூ எத்தனை நேரம் தூள் கொட்டும், மணியின் நிறம் அதே வெள்ளாமையில் மாறுவது எல்லாச் சோளத்திலும் உண்டா, இதெல்லாம் அந்தத் தம்பி சொன்னதையும் நான் பார்த்ததையும் வைத்து எழுதியதுதான். வெளிநாட்டில் போடும் சோளத்தைப் பற்றி அவன் சொன்னதும் அப்படியே. விவசாயம் படித்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.