ஆரோக்கியசாமி அண்ணன் எடுத்துக் கொடுத்த தப்பான உயில்

ஆரோக்கியசாமி அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் பண்ணினான். "அத்த... அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு அத்த."

அழுதுகொண்டேதான் இதை டைப் பண்ணுகிறேன். ஆனால் அவரை நினைத்தாலே சிரிப்பும் வந்துவிடுகிறது... என்ன செய்ய. மனுஷன் அப்படி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் ஜெயங்கொண்டத்தில் பத்திரம் எழுதுபவர். சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. என் கூடப் பிறந்தவர் இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமே இல்லை.

நான் அவரிடம் போனது சாமியைத் தேடி.

என் புகுந்த வீட்டில் குலதெய்வம் எதுவென்று யாருக்கும் தெரியாது. என் மாமனாரின் தாத்தா வைத்திலிங்கம், பங்காளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு ரெட்டிபாளையம் பக்கம் வந்து குடியேறியவர். வந்த பிறகு பழைய ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லையாம். சாமி பேரும் அவரோடு போய்விட்டது.

குலதெய்வத்துக்கு முன்னால்தான் பேத்திக்குக் காது குத்த வேண்டும் என்று மாமியார் பிடிவாதம். என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்தும் மூளிக் காதோடு திரிந்தாள்.

ஒரு ஜோசியர் அம்மன் என்றார், இன்னொருவர் முனி என்றார்... மாமியார் இரண்டு பேரையும் நம்பவில்லை. "சாமி தெரியாத வூட்டுல புள்ளைக்கு எது செஞ்சாலும் வெளங்குமா?" என்று அவர் கண்கலங்கும்போது எனக்கும் உள்ளுக்குள் பயமாக இருக்கும்.

வைத்திலிங்கம் ஜெயங்கொண்டத்தில் உயில் பதிந்ததாக மாமா கேள்விப்பட்டிருந்தார். அந்தக் காலத்து ஆட்கள் உயிலில் குலசாமி பூஜைக்கென்று கொஞ்சம் நிலத்தை ஒதுக்கி எழுதுவார்கள். உயில் கிடைத்தால் சாமி கிடைக்கும்... அதுதான் கணக்கு.

"ஏம்மா, உங்க சாமியக் கண்டுபுடிக்க ஒரு கிறிஸ்தவன்கிட்டயா வந்த?" என்று கேட்டுவிட்டு அண்ணன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. ஞாயித்துக்கெழம எங்க போவணும்னு பொறந்த புள்ளைக்கும் தெரியும்."

சிரித்தாலும் விடவில்லை. மனுப் போடுவது, பழைய பெயர் அட்டவணையில் தேடச் சொல்வது எல்லாவற்றுக்கும் அவரே அலைந்தார். சில மாதம் கழித்து ஒருநாள் போன். "அம்மாடி, கெளம்பி வா. வைத்திலிங்கம் ஆப்புட்டுட்டாரு!"

உயில் நகலைப் பதிவு ஆபீஸ் வாசலில் நின்றபடியே நாடக வசனம் மாதிரி வாசித்தார். "நான் சுயபுத்தியோடும் நல்ல நினைவோடும்..." டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு கேட்க வந்துவிட்டார்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் ஒரு ஊர். ஏரிக்கரை ஐயனாருக்கு வருஷப் பொங்கல் வைக்க நஞ்சையில் ஒரு பங்கு... நான் ரோட்டிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இவருதான் உங்காளு. ஆரோக்கியசாமி சொன்னா சொன்னதுதான்."

குடும்பத்தோடு வேன் பிடித்துப் போனோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். அதை நினைத்துத்தான் எனக்கு மனசு சரியில்லாமல் இருந்தது.

நான் அண்ணனிடம் கேட்கவே இல்லை. எங்களுக்கு முன்னாலேயே புது வேட்டியில் கோயில் வாசலில் நிற்கிறார். கையில் சீர்த்தட்டு... பட்டுப் பாவாடை, தோடு, பழம், பூ. "தாய்மாமன் இல்லாம எப்புடிம்மா காது குத்துவ?"

தட்டோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பொங்கல் பொங்குகிற நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களில் கலியபெருமாள் என்பவர், "நீங்கல்லாம் எந்த வூட்டு ஆளுங்க?" என்றார். அண்ணன் உயில் நகலைப் பெருமையாக நீட்டினார்.

அவர் படித்துப் பார்த்தார். "இது எங்க தாத்தன் எழுதுன உயிலாச்சே! அவரு இந்த ஊர வுட்டு எங்கயும் போவலியே!"

தப்பான வைத்திலிங்கம்!

மாமியார் முகம் தொங்கிப்போனது. அடுத்தவர் குலசாமிக்கு முன்னால் அடுப்பு மூட்டிவிட்டோமே... அண்ணன் வாயடைத்துப் போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

கலியபெருமாள் யோசித்தார். "இருங்க... எங்க தாத்தனுக்குச் சித்தப்பா மவன் ஒருத்தரு. அவரு பேரும் வைத்திலிங்கம்தான். தாத்தனோட அப்பனும் அந்தச் சித்தப்பாவும் அவங்கப்பன் பேரையே மூத்த புள்ளைக்கு வச்சிட்டாங்க. அந்த வைத்திலிங்கம்தான் சண்ட போட்டுக்கிட்டு ஊர வுட்டுப் போனவரு. பொஞ்சாதி பேரு... பட்டுன்னு சொல்லுவாங்க."

மாமா எழுந்து நின்றுவிட்டார். "எங்க அப்பத்தா பேருதாங்க பட்டு!"

உயில் எழுதியவர் வேறு ஆள். சாமி எங்கள் சாமிதான்.

பங்காளிகள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். தாத்தாக்கள் எதற்குச் சண்டை போட்டார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அண்ணனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "நான் என்ன சொன்னேன்? ஆரோக்கியசாமி சொன்னா சொன்னதுதான்!" அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் ஆசாரி காதைக் குத்திவிட்டார். பாப்பா அழவே மறந்துபோனாள்.

அதற்குப் பிறகு எங்கள் பொங்கலுக்கு அவர் வராத வருஷம் இல்லை. வாசலில் நின்று, "ஐயனாரே, சம்பந்தி வந்துருக்கேன்" என்று ஒரு குரல் விடுவார். மாதா திருவிழாவுக்கு நாங்கள் ஏலாக்குறிச்சி போவோம். அங்கேயும் அதே சத்தம், அதே சிரிப்பு.

இப்போது எல்லோரும் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். இப்போது குடியிருக்கும் பெரம்பலூரிலிருந்து எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் போவதாகத்தான் நினைத்திருந்தேன்.

கலியபெருமாள் மாமா போன் பண்ணினார். "எங்களுக்கும் வண்டி சொல்லிட்டேம்மா. சம்பந்தி வூட்டுச் சாவு, பங்காளிங்க அத்தன பேரும் வராம இருப்பமா?"

வந்துகொண்டே இருக்கிறோம் அண்ணே... வண்டி வண்டியாக.