பாறையில் நிற்காத ஷூ

அவருடைய ஷூ லேஸ் கட்டியிருந்தது. கட்டவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். நான் செய்த தவறு அந்த ஒரு வரிதான். அதை அவர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் நான் தர ஆய்வு அதிகாரி. அவர் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர், நகரின் அடுகோடிப் பகுதிக்காரர். அங்கே ஒரு மலையேற்றக் குழு இருந்தது; நான் அதன் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியில் ராமநகரம் பக்கம் போய், பாறைகளில் ஏறிவிட்டு மாலைக்குள் திரும்புவோம். கயிறெல்லாம் கிடையாது. அங்கங்கே கையையும் ஊன்றி ஏற வேண்டிய சரிவுகள், அவ்வளவுதான். எங்கள் எல்லாரையும்விட அவர் நன்றாக ஏறுவார். பழைய கான்வாஸ் ஷூவின் அடியில் மெத்தென்ற ரப்பர் தகட்டைத் தானே வெட்டி ஒட்டியிருப்பார். அதில் ஒரு கோடுகூட இருக்காது, வழவழவென்று இருக்கும். மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும், மறுபடியும் ஒட்டுவார். பார்க்கச் சகிக்காது. ஆனால் பாறையில் பல்லிபோல் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வருடம் குழுவுக்கு ஷூ வாங்கித் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கடையில் ஒவ்வொரு ஷூவின் அடியிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். நகம் பதிந்தவற்றை ஒதுக்கினேன். பதியாத ஒன்றை, ஆழமாகப் பள்ளம் வெட்டிய கனத்த ஷூவை, எடுத்துக்கொண்டேன். ஒரு பொருள் என்றால் உழைக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் நான். நெடுநாள் உழைக்கிற கெட்டி ரப்பருக்குப் பாறையைப் பிடிக்கத் தெரியாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அவர் அறிந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் எல்லார் முன்னாலும் அவர் அந்த ஷூவைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், டிராக்டர் டயரு மாதிரி கீது. சேத்துல நல்லா போவும். பாறைல நிக்காது சார்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பத்து வருஷம் உழைக்கும் இது" என்றேன்.

"உழைக்கும் சார். ஷூ உழைக்கும். நாம இருப்பமா?"

மறுபடியும் சிரிப்பு. இதைப் போட விருப்பமில்லாதவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினார்.

பாதி உயரத்தில், என் கண்ணெதிரே, அவர் கால் வழுக்கியது. சத்தமே போடவில்லை. சரிந்துகொண்டே போய்க் கீழே ஒரு பிளவில் கணுக்கால் மாட்டி நின்றார். முதலில் அவரிடம் போய்ச் சேர்ந்தவன் நான். கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவ்வளவு இறுக்கம், முடியவில்லை. பேனாக்கத்தியால் லேஸை அறுத்து ஷூவைத் தளர்த்தினேன். அவருக்கு அப்போது பாதி நினைவுதான். மற்றவர்கள் இறங்கி வந்தபோது பார்த்தது, லேஸ் தொங்க வாய் திறந்திருந்த ஷூவை.

"ஐயய்யோ, லேஸ் கட்டாமயா ஏறினாரு?" என்றார் ஒருவர். நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் நிர்வாகம் அறிக்கை கேட்டது. ஷூவைத் தேர்ந்தெடுத்தது யார் என்றும் கேட்டிருந்தார்கள். லேஸ் கட்டாத கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான் கையெழுத்திட்டதை யாரும் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள். என் உத்தியோகமே அதுதான்.

கணுக்கால் எலும்பு சரியாகக் கூடவில்லை. அவர் வேலைக்குத் திரும்புவதற்குள் அறிக்கையின் சேதி எங்கும் பரவியிருந்தது. "இன்னா லேஸு, இன்னிக்கி கட்டிகினியா?" என்பார்கள் கேன்டீன் வரிசையில். மயிரிழை பிசகாமல் வேலை செய்வார் என்று பெயரெடுத்த மனிதரைப் பார்த்துத்தான் இப்படி. அவரும் சிரித்து வைப்பார். நாளடைவில் அதுவே அவர் பெயராகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவருடைய சொந்தப் பெயரே தெரியாது. நான் அதே வரிசையில் தட்டோடு நிற்பேன்.

இருவரும் ஓய்வு பெற்றோம். மனைவியும் போன பிறகு பிரேசர் டவுன் வீட்டில் நான் ஒருவன்தான். யாரோடும் பேசாத நாட்களில் அந்த வரி மட்டும் என்னோடு பேசிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு மலையேறுகிறவர்களுக்கென்றே ஊரில் கடைகள் வந்தன. ஒரு நாள் ஒன்றில் நுழைந்து, ஒரு ஷூவின் அடியில் நகத்தை அழுத்தினேன். பதிந்தது. பெருவிரலுக்கு அடியில் பள்ளமில்லாமல் வழவழப்பாக ஒரு பகுதி. லேஸ் விரல் நுனி வரைக்கும் இறங்கியிருந்தது. இழுத்துக் கட்டினால் குதிகால் அசையவில்லை. பாறைக்கு இதுதான் சார், ஆனால் சீக்கிரம் தேயும் என்றார் கடைக்காரர். அந்த ஃபிட்டர் அன்றைக்குக் கையால் வெட்டி ஒட்டியது இதைத்தான். அவர் காலுக்கான எட்டாம் அளவு வாங்கினேன்.

அடுகோடியில் அவர் வீட்டில் உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரட்டை முடிச்சு, கத்தி, அறிக்கை.

"நானே நம்பிட்டேன் சார்" என்றார் அவர். "ரெண்டு முடிச்சு போட்ட மாதிரிதான் ஞாபகம். ஆனா நீங்க படிச்சவரு, எழுதிட்டீங்க. நாமதான் மறந்துட்டோம் போலன்னு இருந்துட்டேன். அப்பாலருந்து ஒரு போல்ட்டு முடுக்கினாகூட நாலு தபா பாப்பேன். கேஸ மூடினனான்னு பாதி ரோட்லருந்து திரும்பி வருவேன்."

"இப்பவும்தான்" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி.

ஷூவைக் கையில் எடுத்து, அடியை விரலால் தடவினார். "இது நிக்கும் சார்." பெட்டியில் திரும்ப வைத்து என் பக்கம் தள்ளினார். "இது காலுக்கு. எனுக்குக் கால் மடங்காது. பேருக்கு இன்னா கொண்டாந்தீங்க?"

அடுத்த மாதம் ஓய்வுபெற்றவர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அவர் கடைசி வரிசையில் இருந்தார். "ஹோகலி பிடி சார்" என்றார் கன்னடக்காரர் ஒருவர், போகட்டும் விடுங்கள் என்று. மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கேன்டீனில் அதிகம் கேலி செய்தவர் மட்டும் எழுந்து பின்னால் போய், அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் உடனே திரும்பவில்லை. கூப்பிடுவது தன்னைத்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

தேநீர் வேளையில் என் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. வெளியே மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் நொண்டியபடி என்னோடு வந்தார்.

"சொல்லிட்டீங்க சார், சந்தோசம். இனிமே வூட்டுக்கு வராதீங்க. கோவம்லாம் இல்ல. உங்களப் பாத்தா அன்னிக்கி முழுக்க அந்தப் பாறைலயே கெடக்குறேன்."

சரி என்றேன். என் பஸ் வந்தது.

"பாத்து ஏறுங்க சார்" என்றார், "படி ஈரமா கீது."

அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.