அவள் காலுக்காகப் போட்ட பிரேக்

எங்கள் காருக்குப் பிரேக் பூஸ்டர் போட்டது என் மனைவிக்காக. அந்தக் காரைச் செய்தவர்கள் அதில் அப்படி எதையும் வைக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் அது. தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றின் பின்னால் கோழி அடைந்துகொண்டு கிடந்ததை வாங்கி, லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவந்தேன். என் ஸ்டேஷனரிக் கடையைப் பூட்டிய பிறகு கிடைத்த நேரமெல்லாம் அதற்கே போனது. ஒருவழியாக ஓடத் தொடங்கிய அன்று அவள் வாசலுக்கு வந்து, "நகருங்க, நான் ஓட்டுறேன்" என்றாள்.

சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து அவளுடைய வலது கால் சூம்பியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட உட்காரமாட்டாள். அக்சிலேட்டரை மிதிக்க அந்தக் கால் போதும். பிரேக்குக்குத்தான் போதாது. கடுகண்ணாவை மலைப்பாதை இறக்கத்தில் ஒருநாள் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தன் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். பஸ்ஸைத் தொட்டும் தொடாமலும் கார் நின்றது. இனி ஓட்டமாட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "இதுக்கு ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

அலவத்துகொடவில் கராஜ் வைத்திருக்கும் நானாதான் பண்ணினார். என் வயதுதான் அவருக்கும். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் எல்லோரும் நானா என்பதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். வேறொரு காரிலிருந்து எடுத்த பூஸ்டரைப் பிரேக் குழாயின் நடுவே பொருத்தினார். எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு அது மிதியின் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு அவள் பாதத்தைச் சும்மா வைத்தாலே கார் நின்றது.

பல்லேகலப் பக்கம் போகும் ரோட்டில் கூரையை மடித்துவிட்டு ஓட்டுவாள். முடி முகத்தில் விழ, என்னிடம் எதையெதையோ சொல்லிக்கொண்டே வருவாள். காற்றில் எனக்குப் பாதிதான் கேட்கும். மீதிப் பாதியையும் திரும்பச் சொல்லச் சொல்லி வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மகளின் பிரசவத்துக்காகக் கனடா போனாள். போன இடத்தில் அந்தக் காலின் பலவீனம் கூடியது. வைத்தியர், பரிசோதனை, மறுபடி வைத்தியர் என்று அங்கேயே தங்கும்படி ஆயிற்று. நான் போட்ட விசா விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. இங்கே காலை ஆகும்போது அங்கே அவள் படுக்கப் போவாள். அந்த இடைவெளியில் ஃபோனில் பேசிக்கொள்வோம்.

அப்படியிருக்கும்போதுதான் கார் வெள்ளைப் புகை விடத் தொடங்கியது. பிரேக் ஒயில் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. நானா மூடியைத் திறந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"பூஸ்டர் உள்ளுக்குப் பழுதாப் போயிட்டுது. ஒயில எஞ்சின் குடிக்குது."

"வேற ஒண்ணு போடலாமா?"

"நல்லது ஒண்டும் கெடைக்கல்ல. கெடைக்கிறத நம்பி இறக்கத்துல எறங்க ஏலா. கழட்டிப் போடுவம். ஒயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் சின்னது ஒண்டு போட்டுத் தாறன். மிதி கொஞ்சம் பாரமா ஈக்கும், ஒங்களுக்கு ஏலும்."

எனக்கு ஏலும், அவளால் முடியாது. அதுதான் என்னைத் தடுத்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். கார் அவருடைய கராஜிலேயே நின்றது. அவரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் அவளிடமே சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"என் காலுக்குத்தானே போட்டது? கால் இங்க இருக்கு. கழட்டுங்க."

"நீ வந்தா எப்படி ஓட்டுவ?"

மகள் வீட்டில் எங்கோ குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட சொல்லலீங்க," என்றாள். "இப்ப வீட்டுக்குள்ளயே வாக்கர் பிடிச்சுதான் நடக்கிறேன். காலைக் கையால தூக்கித்தான் கட்டில்ல வைக்கிறேன். பூஸ்டர் இருந்தாலும் இனி முடியாது."

"ஏன் சொல்லல?"

"நீங்க காரைத் துடைச்சு வச்சு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

அடுத்த நாளே அலவத்துகொடவுக்குப் போனேன். நானா பூஸ்டரைக் கழற்றினார். புதுக் குழாயை வளைத்து நேராக இணைத்தார். எஞ்சினில் உறிஞ்சு குழாய் இருந்த துவாரத்தை அடைத்தார். பிறகு நான் உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவர் ஒவ்வொரு சில்லாக, சக்கரத்தடியில் குனிந்து குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். "மிதிங்க... பிடிங்க... விடுங்க." மிதி மெல்ல மெல்ல இறுகியது. கழற்றிய பூஸ்டரை எறியவா என்று அவர் கேட்கவில்லை. பழைய துணியில் சுற்றி என் பக்கத்து ஆசனத்தில் வைத்தார். "மிஸ்ஸுக்கு சலாம் சொல்லுங்க" என்றார்.

கடுகண்ணாவைக்கே ஓட்டிப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் முழுக்காலையும் ஊன்றி மிதிக்க வேண்டியிருந்தது. இறக்கம் முடிவதற்குள் தொடை நடுங்கியது. சூம்பிய காலோடு அவள் இதை எப்படி அழுத்தினாள் என்று நினைத்தபோது, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு அன்று ஒன்றுமே விளங்கியிருக்கவில்லை என்று பட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன். தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நிக்குதா?"

"நிக்குது. நல்லா மிதிக்கணும்."

"கேமராவைத் திருப்புங்க."

பள்ளத்தாக்கையும் மேலே ஏறிவரும் லொறிகளையும் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை தூறத் தொடங்கியது.

"கூரையைப் போடுங்க, நனையுது" என்றாள். பிறகு, முன்பு நான் கடையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஃபோனில் அவள் சொன்னதைப் போலவே, "பார்த்து வாங்க" என்றாள்.

"வர்றேன்" என்றேன்.

மறுபடியும் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.